மலை மழையைத் தடுக்கும்னா, காத்தை ஏன் தடுக்கல?

ஆடித்தபசுக்காக ரெண்டு நாள் லீவு, முன்னாடி ஒரு சனி ஞாயிறு, பின்னாடி ஒரு சனி ஞாயிறு, நடுவுல மூணு நாள் "வீட்டுலேருந்தே ஆணி புடுங்கிக்கிறேன்"னு மேனேஜர்கிட்ட ஒரு கெஞ்சல். ஆக மொத்தம் ஒன்பது நாள் ஊர்ல இருந்தேன். அந்த ஒன்பது நாள்ல மூணாங்கிளாஸ் படிக்கிற ஒரு வாண்டுகிட்ட வாங்கின பல்பு பத்தித்தான் இந்தப் பதிவு.

ஊர்னா சிவகிரி. தெரியாதவங்களுக்காக: ராஜபாளையத்துலேருந்து தென்காசி போற ரோட்டுல, வாசுதேவநல்லூருக்கு முன்னாடி வரும். 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்துச்சு, இப்போ தென்காசி மாவட்டம். மேக்கே திரும்பினா மலை. ஆனி, ஆடியில அந்த மலை உச்சி கண்ணுக்கே தெரியாது, பஞ்சுப் பொதியை அடுக்கி வச்ச மாதிரி மேகம் நிக்கும். கீழ எங்க தெருவுல வெயில் அடிக்கும். கூடவே காத்தும் அடிக்கும். கொடியில காயப்போட்ட சட்டையை அடுத்த தெருவுல போய்த் தேடணும். அம்மி பறந்து நான் பாத்ததில்லை. ஆனா எங்க மாட்டுத்தொழுவத்துத் தகரம் பறந்து பாத்திருக்கேன் :-)

எங்க அக்கா 2021-ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப தன்னார்வலராச் சேர்ந்தவ. அந்தப் பழக்கம், இப்பவும் சாயங்காலம் அஞ்சரை ஆனா தெருப் பிள்ளைங்க எட்டு பத்து பேரு நோட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுத் தார்சாவுக்கு வந்துருதுங்க. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து நாலாங்கிளாஸ் வரைக்கும் கலந்துகட்டி. நான் போன அன்னிக்கு அவளுக்குத் தலைவலி.

"ஏலேய், எஞ்சினியருக்குப் படிச்சிருக்கேல்லா? இன்னைக்கு ஒருநா நீ பாத்துக்க. காத்து பத்தி என்னத்தையாவது சொல்லிக்குடு."

இதென்ன பிரமாதம்னு கெத்தா போய் உக்காந்தேன். நாலு வருஷம் எஞ்சினியரிங், ஆறு வருஷம் பொட்டி தட்டின அனுபவம். காத்துதானே!

"காத்துன்னா என்ன தெரியுமா? காத்து நகர்ந்தா அதுக்குப் பேருதான் காத்து."

சொல்லி முடிச்சதும்தான் எனக்கே உறைச்சது. பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. "தண்ணி நகர்ந்தா தண்ணி, மாடு நகர்ந்தா மாடு"ன்னு அக்கா மவன் (ரெண்டாங்கிளாஸ்) பின்னாலேருந்து ஒரு சத்தம் குடுத்தான்.

யோசிச்சுப் பாருங்க. சைக்கிள் டியூப்ல இருக்கிறதும் காத்து, மரத்தை ஆட்டுறதும் காத்து. நமக்குப் புழக்கத்துல ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஆனா நகர்ற காத்துக்கு எந்தத் திசையிலேருந்து வருதுன்னு பாத்துப் பேரு வச்சிருக்கோம். தெக்கேருந்து வந்தா தென்றல், வடக்கேருந்து வந்தா வாடை, கிழக்கேருந்து வந்தா கொண்டல், மேக்கேருந்து வந்தா கோடை. திசையைக் கவனிக்காம காத்தைப் பத்திப் பேசவே முடியாதுன்னு நம்ம பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பாடத்தை அங்கேருந்து ஆரம்பிச்சிருக்கணும். வரையறையிலேருந்து ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டேன்.

சரி, ரூட்டை மாத்துவோம்னு நானே கேள்வி கேட்டேன். "காத்து எப்படி வருது? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

"மரம் ஆடுதுல்லா மாமா, அதான் காத்து வருது." இது அக்கா மவன்.

"இல்ல, சுரண்டைப் பக்கம் பெரிய பெரிய காத்தாடி நிக்கும்லா, அது சுத்தித்தான் வருது." இது இன்னொருத்தன். ஃபேன் சுத்தினா காத்து வருது, அப்போ காத்தாலையும் அப்படித்தானே? லாஜிக்ல ஒரு ஓட்டையும் இல்ல.

இது நம்ம ஊர்ப் பிள்ளைங்க மட்டும் சொல்றதில்ல. 1920-கள்ல ழான் பியாஜேங்கிற உளவியலாளர் ஜெனீவாவுல பிள்ளைங்ககிட்ட காத்து எங்கேருந்து வருதுன்னு கேட்டிருக்கார். அங்கயும் மரம் ஆடுறதாலதான்னு சொல்லியிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்கிறதில்ல. கண்ணால பாத்ததை வச்சு ஏற்கெனவே ஒரு விளக்கம் வச்சிருக்கும். அதைக் கேக்காம நாம நம்ம விளக்கத்தை மேல கொட்டினா ரெண்டும் ஒட்டாது.

அதனால பேச்சைக் குறைச்சுட்டு வேலையில இறங்கினோம். பனை ஓலையைக் கிழிச்சு, மடிச்சு, நடுவுல உடைமுள்ளு குத்தி ஓலைக் காத்தாடி செஞ்சோம். (செஞ்சது அவங்க. நான் முள்ளுக் குத்தி விரல்ல ரத்தம் வர வச்சதோட சரி.) மாடியில நின்னா காத்தாடி தானாச் சுத்துது. கதவைச் சாத்தின ரூமுக்குள்ள நின்னா சுத்தல, ஓடினா சுத்துது. "ரூமுக்குள்ள காத்து இருக்கா இல்லியா?"ன்னு கேட்டேன். இருக்கு, சும்மா நிக்குதுன்னு அவங்களே சொன்னாங்க. ஒரு டம்ளருக்குள்ள காகிதத்தைத் திணிச்சு, தலைகீழா வாளித் தண்ணியில நேரா அமுக்கி எடுத்தோம். காகிதம் நனையல. உள்ள காத்து இடம் புடிச்சிருக்கு.

அதுக்கு எடை உண்டான்னு ஒருத்தி கேட்டா. பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா உள்ள இருக்கிற காத்து 30 கிலோவுக்கு மேல வரும். ஒரு கன மீட்டர் காத்து ஏறக்குறைய 1.2 கிலோ, அவ்வளவுதான் கணக்கு. "ஒரு மூட்டை அரிசியா!"ன்னு வாயைப் பொளந்துட்டுக் கூரையைப் பாத்தாங்க. 30 கிலோவுக்கு மேல இருக்கிற ஒண்ணு வேகமா ஓடி வந்தா தகரம் ஏன் பறக்காதுன்னு சொன்னதும் பட்டுனு புரிஞ்சது.

அடுத்தது மாடியில விரலை எச்சில் பண்ணித் தூக்கிக் காட்டினோம். எந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கு? எல்லாரும் மலையைக் காட்டினாங்க. அப்பதான் வந்துச்சு அந்தக் கேள்வி.

பேரு வேண்டாம், குட்டிம்மான்னு வச்சுக்குவோம். மூணாங்கிளாஸ். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

"காத்து மலையிலேருந்துதானே வருது மாமா? அங்க மழை பெய்யுதுல்லா? அப்ப மழை ஏன் இங்க வரல?"

இது எனக்குத் தெரியுமே! மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்று, மழை மறைவுப் பிரதேசம். ஆறாங்கிளாஸ்ல படிச்சு அஞ்சு மார்க் வாங்கினது. "மலை தடுக்குதும்மா. மேகம் மலையில மோதி நின்னுருது, அதனால மழை அந்தப் பக்கமே பெஞ்சிருது"ன்னு சொல்லிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போகப் பாத்தேன்.

"மலை மழையத் தடுக்குதுன்னா, காத்தை ஏன் தடுக்கல?"

பதில் இல்ல. அடுப்படியிலேருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. தலைவலியாம்!

குட்டிம்மா விடல. "எங்க தாத்தா வாழையெல்லாம் காத்து சாச்சுட்டு. மழை மட்டும் வர மாட்டேங்கு."

மத்த பிள்ளைங்க அமைதியாயிட்டாங்க. அந்த வாரம் அடிச்ச காத்துல ஊர்ல பல தோட்டத்துல வாழை விழுந்திருக்கு, நான் ஊருக்கு வந்து கேள்விப்படவே இல்ல. அவ பரீட்சைக் கேள்வி கேக்கலன்னு அப்பதான் புரிஞ்சது. "எனக்குச் சரியாத் தெரியலம்மா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்"னு சொன்னேன். மீட்டிங்ல இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வந்ததில்ல. ஒரு வாண்டுகிட்டச் சொல்லிட்டேன்.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சேன். நான் பரீட்சையில எழுதினதுல தப்பு எங்கன்னா, அந்த "தடுக்குது"ங்கிற வார்த்தையிலதான். மலை காத்தைத் தடுக்கல, தூக்கி விடுது. உயரப் போகப் போக மேல இருந்து அமுக்குற காத்தோட பாரம் குறையும், அதனால ஏறுற காத்து விரியும். விரிஞ்சா குளிரும். ஈரம் மேகமாகுற வரைக்கும் ஒரு கிலோமீட்டர் ஏறினா ஏறக்குறைய 10 டிகிரி குறையும். குளிர்ந்ததும் ஆவி மேகமாகி மழையாக் கொட்டிரும். ஆவி தண்ணியா மாறுறப்ப வெப்பத்தை வெளிய விடும், அதனால அதுக்கப்புறம் குளிர்றது மெதுவாகி, கிலோமீட்டருக்கு 5 டிகிரி கணக்குல ஆயிரும். உச்சியைத் தாண்டி நம்ம பக்கம் இறங்குறப்ப காத்து அமுங்கும், அமுங்கினா சூடாகும், கிலோமீட்டருக்கு 10 டிகிரி. மிச்சம் மீதி இருக்கிற மேகமும் கரைஞ்சு போயிரும்.

கணக்குக்காக மலை 1,500 மீட்டர்னு வைங்க. கேரளா பக்கம் 28 டிகிரியில கிளம்பின காத்து 500 மீட்டர்ல 23 ஆகுது, அங்க மேகம் கட்டுது, உச்சிக்குப் போறப்ப 18. இந்தப் பக்கம் 1,500 மீட்டர் இறங்கினா 33. அதே காத்துதான். ஈரத்தை அங்க குடுத்துட்டு, அஞ்சு டிகிரி சூட்டை வாங்கிட்டு நம்ம தெருவுக்கு வருது. ஆல்ப்ஸ் மலையில இப்படி இறங்குற காத்துக்கு ஃபோன்னு பேரு, வட அமெரிக்காவுல ராக்கி மலைப்பக்கம் சினூக். நாம ஆடிக்காத்துன்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்திடுறோம்.

செங்கோட்டைக் கணவாய் பக்கம் கதை வேற. அங்க மலை தாழ்ந்து வழி விடுறதால காத்து ஈரத்தோடவே உள்ள வந்துருது, குத்தாலத்துல சாரல். கணவாய்ல நெருக்கிப் புகுந்து வர்ற வேகம் இருக்கே, அதுதான் சுரண்டைப் பக்கக் காத்தாலைகளைச் சுத்த வைக்குது. எங்க ஊர் கணவாய்லேருந்து வடக்கே தள்ளி, உசந்த மலைக்கு நேர் பின்னால மாட்டிக்கிச்சு. பெரியாறு தோன்றுறது சிவகிரி மலைத்தொடர்லதான், ஆனா ஓடுறது மேக்கே. அந்தத் தண்ணியில கொஞ்சத்தைக் கிழக்கே திருப்ப 1895-ல முல்லைப் பெரியாறு அணை கட்ட வேண்டியிருந்துச்சு, அதுவும் தேனி, மதுரைப் பக்கம் போகுது. பேரு மட்டும் எங்களுக்கு.

விளக்கம் கிடைச்சிருச்சு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது? வாயைக் குவிச்சு உள்ளங்கையில ஊதினா குளிரும், வாயைத் திறந்து ஊதினா சுடும், அதை வச்சு விளக்கலாம்னு ஒரு ஐடியா வந்துச்சு. நிறையப் பேரு அப்படித்தான் விளக்குறாங்க. ஆனா அங்க குளிர்றதுக்குக் காரணம் காத்து விரியறது இல்ல, குவிச்சு வேகமா ஊதினா பக்கத்துல இருக்கிற குளிர்ந்த காத்தையும் சேத்து இழுத்துட்டு வரும், அதான். ஒருதடவை பல்பு வாங்கினது போதும்னு அதை விட்டுட்டேன்.

கடைசியில ஒரு காலி தண்ணி பாட்டில் கை குடுத்துச்சு.

மறுநாள் சாயங்காலம் முதல்ல சைக்கிள் பம்பு. வாயை விரலால அடைச்சுட்டு ஒவ்வொருத்தரும் நாலு அமுக்கு அமுக்கி, பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாத்தாங்க. சூடு. அமுக்கினா சூடாகும், ஒண்ணு முடிஞ்சது. அடுத்து பாட்டில்ல ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, மூடி, நல்லா அமுக்கிட்டு விட்டேன். ஒண்ணும் வரல. திரும்ப அமுக்கினேன், விட்டேன். ஒண்ணும் வரல. அக்கா மவன் கொட்டாவி விட்டான். மானம் காத்துல பறக்குது!

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மேகத்துக்குத் தூசி வேணும். ஆவி ஒட்டிக்க ஒரு பிடிமானம் இல்லாம துளியாகாது. சாமி ரூம்லேருந்து ஊதுபத்தியை அக்காவே கொளுத்திட்டு வந்தா. கொஞ்சம் புகையை பாட்டிலுக்குள்ள விட்டு மூடி அமுக்கினேன். விட்டேன். பாட்டிலுக்குள்ள வெள்ளையா ஒரு மேகம்! அமுக்கினேன், காணோம். விட்டேன், மேகம். பத்துப் பேரும் ஒரே கத்து. பாட்டில் கை மாறி கை மாறி, என்கிட்டத் திரும்பி வரவே இல்ல.

"விட்டா என்ன ஆவுது?"

"விரியுது!"

"விரிஞ்சா?"

"குளிருது, மேகம் வருது!"

"அமுக்கினா?"

"சூடாவுது, மேகம் போயிருது!"

குட்டிம்மா பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டே மலையைப் பாத்தா. அமுக்கின பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம ஊரு"ன்னா. கையைத் தளர்த்தினா. "இது கேரளா." இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?

அவங்க தாத்தாகிட்டயும் காட்டணும்னு மறுநாள் காலையில என்னையும் தோட்டத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டா. எழுநூறு வாழையில நூத்தம்பதுக்கு மேல சாஞ்சு கெடக்கு, பாதி குலை தள்ளினது. வாழை மரமே இல்ல, இலை மட்டையை ஒண்ணுமேல ஒண்ணாச் சுத்தி நிக்கிற தண்டு. அதோட இலை நார் நாராக் கிழியறதும் நல்லதுக்குத்தான், கிழிஞ்ச இலை காத்தை விட்டுரும், விரிஞ்ச இலை வாங்கிக்கும். காத்து ரெண்டு மடங்கு வேகமானா தள்ளுற விசை நாலு மடங்காகும். உச்சியில குலை வேற தொங்குது. எல்லாம் எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. விழுந்து கெடக்கிற வாழையைப் பாத்துட்டு அதையெல்லாம் சொல்ல வாய் வரல.

தாத்தா சொன்னார், "எல்லாம் அந்தக் காத்தாடி போட்டதுலேருந்துதான் ஏய்யா. மேகத்தைக் கலைச்சு வுட்டுருது."

இந்தப் பேச்சு மகாராஷ்டிரா விவசாயிகள்கிட்டயும் இருந்திருக்கு, வறட்சி வந்தப்ப காத்தாலைமேல பழி போட்டிருக்காங்க. தமிழ்நாட்டுல முதல் காத்தாலைப் பண்ணை வந்ததே 1986-ல, தூத்துக்குடி பக்கம். இப்போ மாநிலத்துக் காத்தாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. நான் இதைச் சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள குட்டிம்மா முந்திக்கிட்டா.

"தாத்தா, நீங்க சின்னப்புள்ளையா இருக்கப்ப ஆடியில இங்க மழை பெய்யுமா?"

அவர் யோசிச்சார். "ஆடியில இங்க ஏது மழை? அப்பவும் காத்துதான்."

"அப்ப காத்தாடி இருந்துச்சா?"

தாத்தா என்னைப் பாத்தார். நான் தென்னை மரத்தைப் பாத்தேன் :-)

அப்புறம் அவ பாட்டிலை எடுத்து அமுக்கி விட்டு அமுக்கி விட்டுக் காட்டினா. புகை தீந்துபோயிருந்தது, மங்கலாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. அவர் பாட்டிலை வாங்கி ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தார். "சரி ஏய்யா, உங்க சயின்ஸு எந்த நாளு காத்து அடிக்கும்னு முன்னாடியே சொல்லுமா?"

நாலஞ்சு நாள் முன்னாடி வானிலை எச்சரிக்கை வரும், ஆனா உங்க தோட்டத்துல எத்தனை வாழை சாயும்னு சொல்லாது, ஆடிக்கு முன்னாடி முட்டுக் குடுக்கிறதுதான் வழின்னு சொன்னேன். "முட்டுக்கம்பு என்ன விலை தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியல. கணக்குப் போட்டுச் சொன்னார். சாஞ்ச வாழைக்கு ஆன நஷ்டத்தை விட முட்டுக்கம்புச் செலவு கம்மிதான், ஆனா அந்தக் காசு கையில இருக்க வேண்டிய நேரத்துல இருக்கல. இதுக்கு பாட்டில்ல பதில் இல்ல.

மலைக்கு அந்தப் பக்கம் காத்து எங்கேருந்து கிளம்புதுன்னும் கடைசி நாள் உலக உருண்டையில காட்டினேன். மொரீசியஸுக்குக் கிழக்கே, பூமத்திய ரேகைக்குத் தெக்கே இருக்கிற கடல்ல கிளம்பி, வடமேக்கா ஓடி, பூமி சுத்துறதால ரேகையைத் தாண்டினதும் வலது பக்கம் வளைஞ்சு, தென்மேக்குக் காத்தா நம்ம பக்கம் வருது. வெயில்ல காஞ்ச வடநாட்டுப் பக்கம் காத்து லேசாகி மேல கிளம்ப, கடல் காத்து அந்த இடத்தை நிரப்ப ஓடியாருது. "மொரீசியஸ் காத்தா எங்க வாழையச் சாச்சுச்சு"ன்னு ஒருத்தன் கேட்டான். ஆமா ராசா.

ஊர்லேருந்து கிளம்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. ஸ்டேட்டஸ் மீட்டிங் நடந்துட்டு இருக்கு, அக்கா போன். வாட்சப்ல ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கேன், கேளுன்னா. குட்டிம்மா குரல்.

"மாமா, ஐப்பசியில காத்து கிழக்கேருந்து வரும்லா? அப்ப நம்ம பக்கம்தானே காத்து மலை ஏறும்? அப்ப நமக்குத்தானே மழை?"

நான் அவளுக்கு வடகிழக்குப் பருவமழை பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "ஆமாம்மா"ன்னு ரெண்டு தடவை அனுப்பினேன், மொதத் தடவை குரல் சரியா வரல. ஐப்பசிக்கு லீவு கேக்கணும்.

பி.கு: பாட்டில் பரிசோதனையை வீட்டுல பிள்ளைங்களோட செஞ்சு பாருங்க. மெல்லிசான பிளாஸ்டிக் பாட்டிலா எடுங்க, தண்ணி கொதிக்கக் கூடாது, வெதுவெதுப்பு போதும். ஊதுபத்தி கொளுத்துறது பெரியவங்க வேலை. புகையை மறந்துட்டு என்னை மாதிரி அசிங்கப்படாதீங்க :-)